பெயர் ஒன்று, பிறந்த வீடு வேறு: ஒரு லேசர் வட்டுப் பெட்டியைத் திறந்தபோது

2023 கோடை விடுமுறைக்குக் குடும்பத்தோடு கங்காதர நெல்லூர் போயிருந்தோம். பென்னாற்றங்கரையில் இருக்கும் பெரிய நெல்லூர் வேறு, இது வேறு. சித்தூர் மாவட்டத்து அன்பர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். 1911-இல் வட ஆர்க்காட்டிலிருந்து பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைத்தபோது அந்தப் பக்கம் போன ஊர் எங்களுடையது. தெலுங்கில் கணக்கெழுதித் தமிழில் சண்டை போடுகிற ஊர். 2022-இல் திருப்பதி தனி மாவட்டமானபோதும் நாங்கள் சித்தூரோடேயே இருந்துவிட்டோம்.

வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய பெட்டி ஒன்று கீழே இறங்கியது. அத்தை பார்த்துவிட்டு, "அது உங்க மாமாவோட பெரிய டெக்குடா. ஓடாது. இரும்புக்காரனுக்குப் போட்டுடலாம்னு இருக்கேன்" என்றார். இரும்புக்காரரும் வாசலில் தராசோடு உட்கார்ந்திருந்தார். "வேணாம் அத்தை. ஒரு வாரம் குடுங்க, பாக்கறேன்" என்றேன். அப்படிச் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் சங்கத்துக் குடும்பங்களில் இப்படி ஒரு பெட்டி இல்லாத வீடு குறைவு. ஸ்பூல் டேப்பாக இருக்கலாம், பீட்டாமேக்ஸ் ஆக இருக்கலாம், ஊரிலிருந்து கொண்டு வந்ததாகவோ ஊருக்குக் கொண்டு போனதாகவோ இருக்கலாம். முகப்பில் ஒட்டியிருக்கும் பெயரைச் சொல்லிக் கடையில் கேட்டால், "அந்தக் கம்பெனியே இப்ப இல்லை, பாகம் கிடைக்காது" என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். எங்கள் பெட்டிக்கும் மாமா இருந்த காலத்திலேயே இரண்டு ஊர்க் கடைகளில் அதே பதில்தான் வந்தது. கடைக்காரர்கள் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட பெயர்தான் தவறு. பெட்டியை விற்றவர் பெயரை விட்டுவிட்டுச் செய்தவர் பெயரைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது போலத்தான். எப்படிக் கண்டுபிடிப்பது, அதற்குப் பிறகு என்ன செய்வது என்று எனக்குத் தெரிந்தவரை எழுதுகிறேன்.

லேசர் வட்டு என்பது என்ன?

இளைய வாசகர்கள் பலர் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். பார்வைக்குப் பெரிய சிடி போலிருக்கும். விட்டம் 30 சென்டிமீட்டர், நம் பழைய எல்.பி. இசைத்தட்டின் அளவு. அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் இரண்டு தட்டுகள் செய்து, ஒவ்வொன்றிலும் அலுமினியம் பூசி, முதுகோடு முதுகாக ஒட்டியிருப்பார்கள். ஆகவே இரண்டு பக்கமும் படம் உண்டு. சிடியில் இருப்பவை எண்கள். லேசர் வட்டில் படம் எண்களாகப் பதிவதில்லை; மிக நுண்ணிய குழிகளின் நீளத்திலும் இடைவெளியிலும் அலையாகவே பதிந்திருக்கிறது. உள்ளிருந்து வெளிப்பக்கமாக லேசர் ஒளி அதைப் படித்துக்கொண்டு போகும்.

வட்டுகளில் இரண்டு வகை. ஒன்று ஒரே வேகத்தில் சுற்றும்: அமெரிக்க, ஜப்பானிய முறையான என்டிஎஸ்சியில் நிமிடத்துக்கு 1800 சுற்று, ஐரோப்பாவின் பால் முறையில் 1500. ஒரு சுற்றுக்கு ஒரு படம், ஒரு பக்கத்துக்கு 54,000 படங்கள். என்டிஎஸ்சியில் அரை மணி நேரம், பாலில் 36 நிமிடம் ஓடும். எந்தப் படத்திலும் அசையாமல் நிறுத்திப் பார்க்கலாம். மற்றொரு வகை வட்டு 1800-இல் தொடங்கி, வெளி விளிம்புக்குப் போகப் போக 600 வரை வேகம் குறைந்து, ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஓடும். முழு நீளப் படங்கள் பெரும்பாலும் இந்த வகையில்தான் வந்தன.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1800 சுற்று என்றால் நொடிக்கு 30. வட்டின் சுற்றளவு ஏறக்குறைய 94 சென்டிமீட்டர். அப்படியானால் விளிம்பு நொடிக்கு 28 மீட்டர், அதாவது மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. சித்தூர்–புத்தூர் சாலையில் எந்த பஸ்ஸும் அந்த வேகத்தில் போய் நான் பார்த்ததில்லை. மூடியைத் திறந்து வைத்து வேலை செய்கிறவர்கள் விரல்களை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தக் கருவியின் வரலாற்றிலேயே பெயர்க் குழப்பம் தொடக்கத்திலிருந்து உண்டு. 1978 டிசம்பரில் அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் முதல் பெட்டி விற்பனைக்கு வந்தது. அதன் மேல் மக்னாவாக்ஸ் என்று இருந்தது. ஆனால் மக்னாவாக்ஸை நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனம் 1974-இலேயே வாங்கியிருந்தது. கருவியை உருவாக்கியதும் பிலிப்ஸ்தான். வட்டுகளை ஹாலிவுட்டின் எம்சிஏ வெளியிட்டது. ஜப்பானின் பயனியர் 1977-இல் எம்சிஏவோடு கூட்டுச் சேர்ந்து, 1980-இல் தன் பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1981-இல் ஜப்பானிலும் விற்கத் தொடங்கியது. 1982-இல் கரோக்கேக்கு இதைப் பயன்படுத்தியதும் ஜப்பானில் வியாபாரம் பிடித்துக்கொண்டது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருந்த அன்பர்களுக்குக் கரோக்கே கூடங்களில் பார்த்த நினைவிருக்கும். கடைசியாக 2009 ஜனவரியில் பயனியர் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது.

மற்றவர்கள் பெயரில் விற்பதற்கும் பயனியர் பெட்டிகள் செய்து கொடுத்தது. அமெரிக்காவில் பணக்காரர் வீட்டுத் திரையரங்குகளுக்கென்று ரன்கோ என்ற பெயரில் விற்ற பெட்டிக்குள்ளும் இருந்தது பயனியர் எந்திரம்தான். இதில் ஏமாற்று எதுவும் இல்லை; உலகம் முழுவதும் நடக்கிற வழக்கம். எங்கள் மாவட்டமே அதற்குச் சாட்சி. இங்கே வெளிநாட்டுக் கடைகளில் நாம் வாங்கும் மாம்பழக்கூழ் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். முன்னால் யாருடைய பெயரோ இருக்கும்; பின்னால் பொடி எழுத்தில் சித்தூர் மாவட்டம் என்று இருந்தாலும் இருக்கும். எங்கள் பக்கத்து பெங்களூரா மாம்பழத்தைப் பிழிந்து அடைக்கும் தொழிற்சாலைகள் அங்கே நிறைய. டப்பாவில் செய்கிற காரியத்தைத்தான் பெட்டியிலும் செய்ய வேண்டும். பெரிய எழுத்தை விட்டுவிட்டுப் பொடி எழுத்தைப் படிக்க வேண்டும்.

செய்தவரைத் தேடி

முகப்பில் பொன்னிற எழுத்தில் இருந்தது ஒரு கரோக்கே நிறுவனத்தின் பெயர். அதை இங்கே எழுதிப் பயனில்லை. மாமா சரக்குக் கப்பலில் எந்திர அறையில் வேலை செய்தவர். 1994-இல் ஜப்பானின் கோபே துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியது என்று சொல்வார். "புத்தம் புதுசு" என்றும் சொல்வார்.

முதலில் பெட்டியின் பின்பக்கத் தகட்டைப் படித்தேன். 100 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ், ஜப்பானில் செய்தது. வெறும் 100 வோல்ட் என்று இருந்தாலே அது ஜப்பானுக்குள் விற்பதற்காகச் செய்த பெட்டி. அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸ், மேற்கில் 60. அதனால்தான் இரண்டும் எழுதியிருக்கிறது. அமெரிக்கப் பெட்டியானால் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்றிருக்கும்.

அமெரிக்கப் பெட்டி வைத்திருக்கும் அன்பர்களுக்கு வேலை இன்னும் சுலபம். டிவியின் ஆன்டெனாத் துளையில் மாட்டும் இணைப்பு உள்ள பெட்டிகளில் எஃப்சிசி எண் ஒன்று அச்சாகியிருக்கும். அதன் முதல் மூன்று எழுத்துகள் அனுமதி வாங்கிய நிறுவனத்தின் அடையாளம். ஏ-ஜே-டி என்றால் பயனியர், ஏ-கே-8 என்றால் சோனி, ஏ-சி-ஜே என்றால் பானசானிக் பெயரில் விற்ற மட்சுஷிடா. அந்த அமைப்பின் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம். லேசர் எச்சரிக்கைத் தாளுக்குப் பக்கத்தில் செய்த மாதமும் ஆண்டும் இருக்கும். அமெரிக்கச் சட்டப்படி அது இருந்தாக வேண்டும். அங்கே எழுதியிருக்கும் நிறுவனத்தின் பெயரை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். விற்றவர் பெயரைப் போடவும் சட்டம் இடம் தருகிறது.

எங்கள் பெட்டியில் இவை எதுவும் இல்லாததால் மூடியைக் கழற்ற வேண்டியதாயிற்று. உள்ளே ஒரு எலிக்கூடு, இரண்டு பல்லி முட்டை ஓடு, கைப்பிடி தூசி. பெயின்டு அடிக்கும் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிச் சுத்தம் செய்தேன். முதலில் கண்ணில் பட்ட ஐசியின் மேல் சி, எக்ஸ் என்ற எழுத்துகள். அது சோனியின் அடையாளம். உடனே இங்கிருக்கும் நண்பருக்குப் போன் போட்டு, "சோனி பெட்டிதான், கண்டுபிடித்துவிட்டேன்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன். இரண்டு நாள் சோனியின் சர்வீஸ் புத்தகங்களைத் தேடி வீணடித்தேன். எந்தப் படமும் எங்கள் பெட்டியோடு பொருந்தவில்லை.

தவறு என்னுடையது. கடையில் கிடைக்கும் ஐசியை எவரும் வாங்கித் தம் போர்டில் வைக்கலாம். ஒரு வீட்டில் பிரெஸ்டீஜ் குக்கர் இருப்பதால் அது பிரெஸ்டீஜ் முதலாளியின் வீடாகிவிடாது. பார்க்க வேண்டியது விலைக்கு வாங்க முடியாத பாகங்களை. போர்டு, பிளாஸ்டிக் வார்ப்பு, அந்தப் பெட்டிக்கென்றே தனியாகச் செய்த ஐசி ஆகியவற்றில்தான் செய்தவர் தம் வீட்டு எண்ணைப் போட்டிருப்பார்.

ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு முறை உண்டு. பிலிப்ஸ் உதிரிப் பாகங்களுக்குப் பன்னிரண்டு இலக்க எண். பெரும்பாலும் 4822 என்று தொடங்கும். சோனிக்கு 1-இல் தொடங்கி நடுவே சிறு கோடுகள் போட்ட எண். பயனியருக்கு மூன்று ஆங்கில எழுத்தும் நான்கு இலக்கமும். வீடியோக் கருவிகளின் பாகங்களுக்கு முதல் எழுத்து வி. அவர்களே செய்து கொள்ளும் ஐசிகள் பி-ஏ, பி-டி என்று தொடங்கும். தட்டுக்கு அடியிலிருந்த போர்டைத் துடைத்துப் பார்த்தபோது வியில் தொடங்கும் எண் பளிச்சென்று இருந்தது. அதன் பக்கத்திலேயே பெரிய ஐசி ஒன்று, பி-டி. தட்டைத் தள்ளும் பல்சக்கரங்களின் அமைப்பைப் பயனியர் புத்தகங்களில் ஒன்றின் படத்தோடு ஒப்பிட்டேன். பல்சக்கரம், கம்பிச் சுருள், திருகு இருக்கும் இடம் எல்லாம் அச்சாக அதே. முகப்புப் பலகையும் மைக் செருகும் துளைகளும் மட்டும் வேறு.

ஐசிகளில் நான்கு இலக்க எண் ஒன்றும் இருக்கும். 9127 என்றால் 1991-ஆம் ஆண்டின் 27-ஆவது வாரம் செய்தது. எங்கள் பெட்டியில் இருந்த எல்லா எண்களும் 91-இலேயே நின்றன. மாமாவின் புத்தம் புதுசு கோபேயில் ஏற்கனவே மூன்று வயதானது. கரோக்கே கூடத்திலிருந்து கழித்ததைத்தான் வாங்கியிருக்கிறார்.

ஏன் நின்றது?

பழைய மின்கருவியை நேராக மின்சாரத்தில் செருகிப் பார்ப்பது கூடாது. இதை நான் எழுதுவதற்குக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் இந்தப் பெட்டியைக் கெடுத்தவன் நான்தான்.

மாமா இதனுடன் ஒரு கனமான இரும்புப் பெட்டியும் கொண்டு வந்திருந்தார். 230 வோல்ட்டை 100 ஆக இறக்கும் டிரான்ஸ்பார்மர். 2001 பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது அதை யாரோ இரவல் வாங்கிப் போயிருந்தார்கள். மாமாவும் அத்தையும் வீட்டில் இல்லை. தட்டைக் கால் கொண்ட ஜப்பான் பிளக்கை நம் ஊர்ச் சாக்கெட்டில் செருக ஒரு அடாப்டர் கிடைத்தது. கல்லூரியில் மின்னணுவியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு அவ்வளவு அறிவு. "டப்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். மாமா வந்ததும், "தானா நின்னு போச்சு மாமா" என்று சொன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். 2019-இல் அவர் காலமாகும் வரை அந்த உண்மையைச் சொல்லவில்லை.

இந்தத் தடவை மேசையில் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு அத்தையிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "மாமாவுக்கு அன்னிக்கே தெரியும். பிளக்குலயே அந்த அடாப்டர் மாட்டியிருந்துச்சே" என்றார். "அப்ப ஏன் அத்தை ஒண்ணும் கேக்கல?" என்றேன். "கேட்டா அடுத்த லீவுக்கு நீ வந்திருப்பியா?" என்றார்.

நல்ல வேளை, ஃப்யூஸ் தன் கடமையைச் செய்திருந்தது. கண்ணாடிக் குழாய் கரியாகிக் கிடந்தது. மல்டிமீட்டரில் பார்த்தபோது உள் டிரான்ஸ்பார்மரின் சுற்று அறுபடவில்லை. ஃப்யூஸ் போனால் அதே அளவில், அதே வகையில்தான் மாற்ற வேண்டும். கம்பி சுற்றிப் போடும் நம் ஊர்ப் பழக்கம் இங்கே வீட்டையே எரித்துவிடும். அடுத்து 100 வோல்ட் வேண்டும். கடைகளில் கிடைப்பது 110-க்கு இறக்குவது. எங்கள் ஊரில் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் அதை நம்பத் தைரியம் வரவில்லை. சித்தூரில் போர்வெல் மோட்டார்களுக்குக் காயில் கட்டும் ஒருவர், தகட்டைப் பார்த்துவிட்டு இரண்டே நாளில் சரியாக 100-க்கு ஒன்று கட்டிக் கொடுத்தார். முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 230 பக்கத்தில் ஒரு பழைய குண்டு பல்பைத் தொடராக இணைத்தோம். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரிந்து கருவியைக் காப்பாற்றும். எங்கள் பல்பு ஒரு கணம் மின்னி மங்கியது. முகப்பில் பச்சை எழுத்து எரிந்தது. அத்தை கீரையை விட்டு எழுந்து வந்துவிட்டார்.

விளக்கு எரிந்ததே தவிரத் தட்டு வெளியே வரவில்லை. இந்த வயதுப் பெட்டிகளில் பெரும்பாலும் இதுதான் நடக்கும். தட்டைத் தள்ளும் மோட்டாரின் ரப்பர் பெல்ட் தார் போல உருகிப் புல்லியில் ஒட்டியிருக்கும். விரலால் தொட்டால் மூன்று நாளைக்குப் போகாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் காதுக் குச்சியும் கொண்டு முழுவதும் துடைக்க வேண்டும். செய்தவர் பெயர் தெரிந்ததன் பயனை இங்கேதான் கண்டேன். கரோக்கே நிறுவனத்தின் பெயருக்கு உலகத்தில் எங்கும் பெல்ட் இல்லை. பயனியர் புத்தகத்தில் இருந்த பாக எண்ணுக்கு, அளவோடு, விற்பவர்கள் இருந்தார்கள். அது வந்து சேரும் வரை பொறுமை இல்லாமல், புல்லிகளைச் சுற்றி நூலால் அளந்து, நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்து, பம்பு சாமான் கடையில் மெல்லிய ஓ-ரிங் ஒன்று வாங்கி மாட்டினேன். ரப்பர் பேண்டு போடாதீர்கள். ஒரு மாதத்தில் அறுந்து பல்சக்கரத்தில் சிக்கும்.

தட்டு வந்தது. வட்டை வைத்ததும் உள்ளே போனது. கொஞ்சம் முனகிவிட்டு அப்படியே நின்றது. காரணம் லென்ஸ். வட்டைச் சுற்றத் தொடங்குவதற்கு முன் லென்ஸ் மேலும் கீழுமாக இரண்டு மூன்று முறை அசைந்து குவியத்தைத் தேடும். கிடைக்காவிட்டால் சுற்றாமலே நிறுத்திவிடும். அசைகிறதா என்று பார்க்கும் ஆவலில் குனிந்து கண்ணை வைத்துவிடக்கூடாது. 1984-க்குப் பிறகு வந்த பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். அது கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும். பல போன்களின் கேமராவில் அந்த ஒளி தெரியும். அதன் வழியே பக்கவாட்டில் பார்த்துக்கொள்ளலாம். அதற்கும் முந்திய, மேல்மூடியைத் தூக்கி வட்டு வைக்கும் பெட்டிகள் உங்களிடம் இருந்தால் அவற்றை நீங்களாகத் திறக்க வேண்டாம் என்பது என் கருத்து. அவற்றில் இருப்பது ஹீலியம்-நியான் வாயுக் குழாய். அதற்குப் போகும் மின்சாரம் ஆயிரம் வோல்ட்டுக்கு மேல், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே தங்கியிருக்கும்.

ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த குச்சியால் லென்ஸை இறகு படுவது போலத் துடைத்தேன். அது மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போயிற்று. போர்டில் இருக்கும் சிறு திருகுத் துளைகளைத் திருப்பிப் பார்க்கும் ஆசையும் வரும். அதை அடக்கிக்கொள்ளுங்கள். அவை தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரி செய்தவை, ஒன்றைத் திருப்பினால் மற்ற எல்லாம் மாறும். பிறகு லேசர் தலை ஓடும் தண்டவாளம். முப்பது வருட கிரீஸ் மெழுகாக இறுகியிருந்தது. சுரண்டியெடுத்து, துடைத்து, வெள்ளை கிரீஸ் கடுகளவு போட்டேன். இதற்கு மட்டும் ஒரு முழுப் பகல் ஆயிற்று.

நான்காம் நாள் மாலை வட்டு சுற்றியது. முதலில் ஒரு ஊதல் போன்ற ஒலி, பிறகு டிவியில் பனி விழும் ஒரு ரயில் நிலையம். அடியில் ஜப்பானிய எழுத்துகள் வெள்ளையிலிருந்து நீலமாக ஒவ்வொன்றாக மாறிக்கொண்டு போயின. மாமாவுக்கு அந்த மொழி ஒரு வார்த்தை தெரியாது. நிறம் மாறுவதைப் பார்த்து, கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை பாடுவார். என்ன பொருள் என்று கேட்டால், "ஏதோ ஊரை விட்டுப் போறவன் பாட்டு" என்பார். எல்லாப் பாட்டுக்கும் அதே பொருள்தான் சொல்வார்.

வட்டுகளைப் பற்றி

பெட்டியைச் சரி செய்தாலும் வட்டு கெட்டிருந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு தட்டுகளை ஒட்டிய பசை வழியாகவோ ஒட்டாத இடைவெளி வழியாகவோ காற்றும் ஈரமும் புகுந்து அலுமினியத்தைத் தின்றுவிடும். படத்தில் வண்ணப் புள்ளிகள் மழை போலக் கொட்டும். ஓடும்போதெல்லாம் அதிகமாகிக்கொண்டே வரும். இதற்கு மருந்து கிடையாது. மாமாவின் ஒன்பது வட்டுகளில் இரண்டு அப்படிப் போய்விட்டன. இருக்கும் வட்டுகளை நிற்க வைத்து, சூடில்லாத இடத்தில் வையுங்கள். படுக்க வைத்து அடுக்கினால் வளைந்துவிடும்.

இங்கிலாந்தில் இருக்கும் அன்பர்கள் டோம்ஸ்டே திட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். 1086-இல் எழுதிய நிலக் கணக்கேட்டின் 900-ஆம் ஆண்டையொட்டி, 1986-இல் பிபிசி நிறுவனம் நாட்டு மக்களிடமிருந்து படங்களும் குறிப்புகளும் திரட்டி இரண்டு லேசர் வட்டுகளில் வெளியிட்டது. அதைப் படிக்க பிலிப்ஸ் செய்த தனி வகைப் பெட்டி ஒன்று வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் அந்தப் பெட்டிகள் அருகிப்போய், 2002 வாக்கில் ஆய்வாளர்கள் உட்கார்ந்து மீட்க வேண்டியதாயிற்று. ஆட்டுத்தோலில் எழுதிய பழைய ஏடு இன்னும் படிக்கும்படி இருக்கிறது. இப்போது லேசர் தலையிலிருந்து வரும் அலையை நேராகக் கணினியில் வாங்கி, மென்பொருளால் படமாக்கும் முறை வந்திருக்கிறது. அதற்கும் வட்டைச் சுற்றுவதற்கு ஒரு பழைய பெட்டி உயிரோடு இருந்தாக வேண்டும்.

வட்டு வாங்குகிறவர்களுக்கு ஒரு சொல். என்டிஎஸ்சி வட்டு பால் மட்டும் எடுக்கும் பெட்டியில் ஓடாது. பாலில் டிஜிட்டல் ஒலி வைத்த வட்டுகளில் பழைய வகை ஒலி இருக்காது. ஆகவே முந்திய காலப் பெட்டியில் போட்டால் படம் வரும், சத்தம் வராது. பெட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரித்துவிடாதீர்கள்.

எங்கள் பெட்டியில் ஒரு குறை பாக்கி இருக்கிறது. முதல் பக்கம் முடிந்ததும் லேசர் தலை வளைந்த தண்டவாளத்தில் ஏறி வட்டின் மேல்பக்கத்துக்குப் போய், இரண்டாம் பக்கத்தைத் தானாகவே படிக்க வேண்டும். போகிற வழியில் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் விரிசல் விட்டிருக்கிறது. அதன் எண் தெரியும் என்பதால் தேடிக்கொண்டிருக்கிறேன். வேறு பெயர் ஒட்டிய, ஆனால் உள்ளே இதே எந்திரம் உள்ள ஓடாத பெட்டி ஒன்று கிடைத்தாலும் போதும். அன்பர்கள் யார் வீட்டிலாவது இருந்தால் சங்கத்தின் வழியாகத் தெரிவிக்கவும்; முகப்பில் இருக்கும் பெயரைவிட, போர்டில் இருக்கும் எண்ணை எழுதி அனுப்பினால் நல்லது.

அதுவரை, ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் அத்தையே எழுந்து போய் வட்டைத் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்.